ஜூரியாக வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்

காரைக்கால் பொண்ணு (சேன்-அந்த்ரே)

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மேரியிலிருந்து (எங்கள் ஊர் நகராட்சி அலுவலகம்) ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருடத்துக்கான ஜூரிப் பட்டியலுக்கு வாக்காளர் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்திருக்கிறதாம். கூர் தசீஸ் என்று போட்டிருக்கிறது. கொலை வழக்கெல்லாம் நடக்கும் இடம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை.

எனக்கு 41 வயது. கல்யாணம் ஆகி இந்தப் பிரெஞ்சுத் தீவு ரெயூனியனுக்கு வந்து பதினாறு வருடம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிரெஞ்சு படிப்பேன், எழுதுவேன், தீவின் பேச்சு மொழியான கிரியோலும் நன்றாகவே பேசுவேன். ஆனால் வக்கீல்கள் பேசுகிற பிரெஞ்சு எனக்குப் புரியுமா தெரியவில்லை. ஊரில் நீதிபதி ஒருவர்தான் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுவார். இங்கே சமையலறையில் இருக்கிறவளைக் கூப்பிட்டு ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்களே. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உள்ளே என்ன நடக்கும்? போய்வந்தவர்கள் யாராவது சொன்னால் புண்ணியமாக இருக்கும்.

சேன்-தெனி அக்கா

தங்கச்சி, முதலில் நிம்மதியாகத் தூங்கு. இது கடைசிக் கடிதம் இல்லை, முதல் கடிதம். நான் சில வருடங்களுக்கு முன் ஜூரியாக உட்கார்ந்தவள். அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன்.

பெயர் நான்கு சல்லடையில் விழ வேண்டும். ஜனத்தொகையில் 1,300 பேருக்கு ஒரு ஜூரி என்று கணக்கு. மேரியில் அதைப்போல மூன்று மடங்கு பெயர்களைக் குலுக்கி எடுக்கிறார்கள். உனக்கு விழுந்தது அதுதான். அப்புறம் நீதிமன்றத்தில் ஒரு குழு உட்கார்ந்து அதிலிருந்து வருடப் பட்டியலை எடுக்கும். பிறகு ஒவ்வொரு அமர்வுக்கும் 35 பேர், கூடவே மாற்றாக 10 பேர். அந்த 35 பேரில் விழுந்தால்தான் நீ சேன்-தெனி நீதிமன்றத்துக்கு வர வேண்டும். வந்த பிறகும் ஒவ்வொரு வழக்குக்கும் காலையில் மறுபடி குலுக்கி ஆறு பேரை எடுப்பார்கள். அமர்வு பெரும்பாலும் இரண்டு வாரம்போல இருக்கும். அதற்குள் மூன்று நான்கு வழக்கு வரும்.

மாட்டேன் என்று சும்மா சொல்ல முடியாது. தகுந்த காரணம் இல்லாமல் வராவிட்டால் 3,750 யூரோ அபராதம். 70 வயது தாண்டியவர்கள் விலக்குக் கேட்கலாம். உடம்பு முடியாதவர்கள் மருத்துவச் சான்று காட்டலாம். 23 வயது ஆகியிருக்க வேண்டும், பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். மொழி விஷயத்தில் சட்டம் கேட்பது அவ்வளவுதான். வக்கீல் பிரெஞ்சு தெரிய வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படாதே. வேலை கொடுப்பவர் உன்னை விட்டாக வேண்டும். நாள்படியும் போக்குவரத்துச் செலவும் நீதிமன்றம் தரும், போன சம்பளத்துக்கும் ஈடு கேட்கலாம். ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள். நான் வேலை செய்த இடத்தில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனால் தடுக்க முடியவில்லை.

சொல்தா மகன் (சேன்-பியேர்)

அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். நான் வருடா வருடம் தீமிதிக்கு விரதம் இருக்கிறவன். 18 நாள் கோயிலிலேயே படுக்கை. அந்த நேரத்தில் கூப்பிட்டால்? இன்னொன்று, என் அம்மா அடிக்கடி சொல்லுவார்கள், மனுஷனை மனுஷன் தீர்ப்புச் சொல்லக்கூடாது, மாரியம்மன் பார்த்துக்கொள்வாள் என்று. அதைக் காரணமாகச் சொல்ல முடியாதா?

சேன்-தெனி அக்கா

தம்பி, இரண்டாவதற்குச் சட்டமே நேராகப் பதில் சொல்லியிருக்கிறது. மதம் சார்ந்தோ சாராமலோ, மனசாட்சி ஒப்பவில்லை என்பது பட்டியலிலிருந்து நீக்கும் காரணம் ஆகாது. சட்டப் புத்தகத்தில் இதைத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பேர் கேட்டிருப்பார்கள் என்று பாருங்கள்.

விரதத்துக்கும் அதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். ஆனாலும் அழைப்பு வந்த உடனே எழுதிக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. என்னோடு இருந்த ஒரு மல்பார் அம்மா (இந்தத் தீவுத் தமிழ் வம்சாவளியை இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள்) காவடி விரதத்தில் இருந்தார்கள். விலக்குக் கேட்கவே இல்லை. சாப்பாட்டு டப்பாவை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

காரைக்கால் பொண்ணு (சேன்-அந்த்ரே)

அக்கா, நன்றி. அந்த முதல் நாள் எப்படி இருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

சேன்-தெனி அக்கா

பெயர்ச்சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, நடுவில் உட்காரும் நீதிபதி ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். அவரைப் பிரெசிதான் என்பார்கள். பெயர் வந்தவர் எழுந்து மேடைக்கு நடந்து போக வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போதே இரு தரப்பு வக்கீல்களில் ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லலாம். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு நான்கு பேர் வரை, அரசு வழக்கறிஞர் மூன்று பேர் வரை இப்படி நிறுத்தலாம். காரணம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. என்னை முதல் வழக்கில் அப்படித்தான் நிறுத்தினார்கள். முகம் சூடேறிவிட்டது. என்னிடம் என்ன கண்டார்கள் என்று மதியம் வரை மனம் அடித்துக்கொண்டது. பிறகு புரிந்தது, அது என்னைப் பற்றியது இல்லை. என் வேலையும் வயதும் அந்த வழக்குக்கு ஒத்துவராது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். உனக்கும் நடந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அப்புறம் உறுதிமொழி. எல்லோரும் நிற்க, பிரெசிதான் படிப்பார். குற்றம் சாட்டப்பட்டவர், அவரைக் குற்றம் சாட்டும் சமூகம், பாதிக்கப்பட்டவர், இந்த மூவரில் யாருடைய நலனுக்கும் துரோகம் செய்யக்கூடாது. வெறுப்புக்கோ கெட்ட எண்ணத்துக்கோ, பயத்துக்கோ பாசத்துக்கோ செவி கொடுக்கக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்றே கருதப்படுகிறார், சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே போக வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடும்போது கையை உயர்த்தி 'உறுதி கூறுகிறேன்' என்று சொல்ல வேண்டும். சாமி பெயர் எதுவும் அதில் கிடையாது. எனக்கு ஏனோ கோயிலில் நிற்பதுபோல இருந்தது.

ஆறு ஜூரிகளும் மூன்று நீதிபதிகளும் ஒரே வரிசையில்தான் உட்காருவோம். அரசு வழக்கறிஞர் ஒரு பக்கம். எதிரே கூண்டில் அந்த மனிதர். அவரை முதலில் நேராகப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டாம் நாள்தான் முகத்தைப் பார்த்தேன்.

போர் லூயி வாத்தியார்

மொரிசியஸிலிருந்து எழுதுகிறேன். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களிடம் ஒன்பது ஜூரிகள். நீதிபதி சாட்சியத்தைத் தொகுத்துச் சொல்லி, சட்டத்தை விளக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார். ஒன்பது பேரும் தனியாக அறைக்குள் போய், நீதிபதி இல்லாமல், குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வார்கள். தண்டனை நீதிபதியின் வேலை. 2011-இல் இங்கே தேனிலவுக்கு வந்த அயர்லாந்துப் பெண் கொல்லப்பட்ட வழக்கில், அடுத்த வருடம் உலகமே பார்த்துக்கொண்டிருக்க, ஒன்பது பேரும் ஒருமனதாக இரண்டு பேரையும் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள். ஆங்கிலேயர் விட்டுப்போன முறை.

ரெயூனியனில் நீதிபதிகள் ஜூரிகளோடு ஒரே அறைக்குள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் படித்த நீதிபதி சொல்வதற்கு எதிராகச் சமையலறையில் வேலை செய்யும் தங்கை வாய் திறப்பாரா? இது என் மனதில் வெகுநாளாக இருக்கும் கேள்வி.

சேன்-தெனி அக்கா

வாத்தியார் ஐயா, நல்ல கேள்வி. 1941 வரை பிரான்சிலும் குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரிகள் தனியாகத்தான் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதிகளும் ஒரே மேசைக்கு வந்தார்கள்.

உள்ளே என்ன பேசினோம் என்று நான் சொல்ல மாட்டேன். சாகும்வரை சொல்லக்கூடாது. மீறினால் ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் உண்டு, ஆனால் அதற்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. கை உயர்த்தி உறுதி கொடுத்திருக்கிறேன். முறை எப்படி என்று சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் சொல்லலாம்.

வாக்குச்சீட்டு இரகசியம். 'என் மானத்தின் மேலும் மனசாட்சியின் மேலும், என் முடிவு' என்று அச்சடித்த சீட்டைத் தருவார்கள். அதன் கீழே ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். நீதிபதியின் சீட்டும் அதே பெட்டியில்தான் விழும், என் சீட்டுக்கு இருக்கும் எடைதான் அதற்கும். வெற்றுச் சீட்டு விழுந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவே எண்ணுவார்கள். எண்ணி முடித்த உடனே சீட்டுகளை எரித்துவிடுவார்கள்.

ஒன்பது பேரில் ஏழு பேர் 'ஆம்' என்றால்தான் குற்றவாளி. முன்பு ஆறு பேர் போதும் என்று இருந்தது, 2021 டிசம்பரில் வந்த சட்டம் அதை ஏழாக்கியது. இதை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள் ஐயா. மூன்று நீதிபதிகளும் 'ஆம்' என்றாலும் ஜூரிகளில் நான்கு பேராவது சேர வேண்டும். ஒன்பதில் மூன்றே பேர் 'இல்லை' என்று எழுதினால் அந்த மனிதர் வீட்டுக்குப் போவார். ஆகவே தங்கச்சி வாய் திறக்காவிட்டாலும் பேனா திறந்தால் போதும். என்னைக் கேட்டால் வாயையும் திறக்க வேண்டும்.

லெ போர் மாமா

இவ்வளவு சொன்னீர்கள், எதை வைத்து முடிவு செய்வது என்பதையும் சொல்லுங்கள். இரண்டு சாட்சி இருந்தால் போதும், ஒப்புக்கொண்டால் போதும் என்று ஏதாவது விதி இருக்கிறதா?

சேன்-தெனி அக்கா

இல்லை மாமா. இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு கிடையாது. அறைக்குள் போகும் முன் பிரெசிதான் ஒரு பத்தியைப் படிப்பார், அதையே பெரிய எழுத்தில் உள்ளே மாட்டியும் வைத்திருப்பார்கள். எப்படி நம்பினாய் என்று சட்டம் உன்னைக் கேட்காது. அமைதியாக உனக்குள்ளேயே கேட்டுப் பார், உன் உள்மனத்தில் உறுதி இருக்கிறதா என்று மட்டுமே கேட்கும். அந்தீம் கொன்விக்ஸியோன் என்பது இதுதான். ஆனால் தோன்றியபடி தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றவாளி என்று முடிவானால் அதற்கான முக்கியக் காரணங்களைத் தனித்தாளில் எழுதி, பிரெசிதானும் முதல் ஜூரியும் கையெழுத்துப் போட வேண்டும். 2011-இல் வந்த சட்டம் அது. அதற்கு முன் காரணமே எழுதாமல் முப்பது வருடம் கொடுக்க முடிந்தது.

இன்னொன்று. வழக்குக் கோப்பு எங்கள் கையில் வராது. ஆயிரக்கணக்கான பக்கம் பிரெசிதான் மேசையில் இருக்கும், நமக்குத் தெரிய வருவது கூடத்தில் வாய்விட்டுச் சொன்னது மட்டுமே. மனநல மருத்துவர், சவப்பரிசோதனை செய்தவர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் நின்று பேசுவார்கள். சாட்சி பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார்கள், அதன்பிறகுதான் கேள்வி. ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

துபாசி

இந்த இடத்தில் நான் பேச வேண்டும். நான் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்புச் செய்பவன். 2018, 2019-இல் இலங்கையிலிருந்து படகுகளில் வந்தவர்களுக்காக நிறையப் பேசியிருக்கிறேன். கூர் தசீஸிலும் சில முறை நின்றிருக்கிறேன். எந்த வழக்கு என்று சொல்ல மாட்டேன்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொன்னுடுவேன்.' வெயிலில் விளையாடும் பிள்ளையைப் பார்த்து அம்மா சொல்லுவாள். பாக்கியைத் தராத நண்பனிடம் சொல்லுவோம். உண்மையாகவே கத்தியை எடுத்தவனும் அதே சொல்லைத்தான் சொல்லுவான். சாட்சி கூடத்தில் நின்று 'அவன் கொன்னுடுவேன்னு சொன்னான்' என்றால் நான் பிரெஞ்சில் 'உன்னைக் கொல்வேன் என்றான்' என்றுதான் சொல்ல முடியும். கேட்டவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, யாராவது கேட்டால் ஒழிய.

தங்கை காரைக்காலைச் சேர்ந்தவர். அவர் ஜூரியாக உட்கார்ந்திருக்கும்போது எதிரே ஒரு தமிழர் நின்று பேசினால், அவருக்கு இரண்டும் கேட்கும், தமிழும் கேட்கும் நான் சொல்லும் பிரெஞ்சும் கேட்கும். மற்ற எட்டுப் பேருக்கு ஒன்றுதான் கேட்கும். அப்போது என்ன செய்வீர்கள்?

காரைக்கால் பொண்ணு (சேன்-அந்த்ரே)

அண்ணா, நானே சொல்லிவிடுவேன், அந்த வார்த்தைக்கு அப்படி அர்த்தம் இல்லை என்று. சொல்லக்கூடாதா?

துபாசி

கூடாது தங்கை. ஜூரி ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருக்க முடியாது. இரண்டு தரப்பும் சம்மதித்தாலும் முடியாது என்று சட்டம் சொல்கிறது. மேலும் கூடத்தில் வைத்து 'அது வெறும் மிரட்டல்தான்' என்று நீங்கள் சொன்னால் உங்கள் கருத்து வெளியே வந்துவிடும். ஜூரி தன் கருத்தைக் காட்டக்கூடாது. அப்படிக் காட்டினால் உங்களை எழுப்பிவிட்டு மாற்று ஜூரியை உட்கார வைக்கும் நிலை வரும்.

ஆனால் கேள்வி கேட்கலாம். பிரெசிதானிடம் அனுமதி வாங்கி, நேராகவோ சீட்டில் எழுதிக் கொடுத்தோ கேட்கலாம். 'அந்தச் சொல் எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் பேசப்படும் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்க முடியுமா?' இவ்வளவுதான். பிரெசிதான் என்னைக் கேட்பார், நான் எல்லார் முன்னாலும் பதில் சொல்லுவேன். அரசு வழக்கறிஞருக்குப் பிடிக்காவிட்டால் அவர் மறுத்துப் பேசலாம். எதிர்த்தரப்பும் பேசலாம்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வக்கீல்கள் காதில் விழாத ஒரு விஷயத்தை வைத்து ஒருவரை விடுவதும் தப்பு, அடைப்பதும் தப்பு. அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போகிறது பாருங்கள்.

சேன்-தெனி அக்கா

துபாசி தம்பி சொன்னது ரொம்பச் சரி. கிரியோலுக்கும் இது பொருந்தும். மேட்டு நிலத்துக் கிராமத்துப் பெரியவர் கிரியோலில் சொன்னதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லும்போது பாதி காரம் போய்விடும், இல்லாத காரம் வந்தும் சேரும். அங்கேயும் புரியாவிட்டால் கூடத்திலேயே கேட்டுவிடு.

சொல்தா மகன் (சேன்-பியேர்)

எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். 15 வருடமோ 20 வருடமோ தண்டனை வரக்கூடிய குற்றங்களை இப்போது ஜூரியே இல்லாமல் ஐந்து நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். அந்த மன்றத்துக்குப் பெயர் கூர் கிரிமினெல். முதன்முதலில் சோதனையாக ஏழு மாவட்டங்களில் 2019-இல் ஆரம்பித்தார்கள், அதில் ரெயூனியனும் ஒன்று. 2023-இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. பாலியல் வன்கொடுமை வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன. எங்கள் தீவில் வீட்டுக்குள் நடக்கிற கொடுமையைப் பற்றித் தீவு மக்களே உட்கார்ந்து கேட்க வேண்டாமா? ஜூரியாக உட்கார்ந்து எழுந்தவர் அதன் பிறகு தன் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பார்க்கும் விதமே மாறும்.

லெ போர் மாமா

தம்பி, நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை வழக்கு தேதிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தாள். சீக்கிரம் முடியட்டும் என்றுதான் அந்த மன்றத்தை ஏற்படுத்தினார்கள். காத்திருப்பதும் ஒரு தண்டனைதான். ஆறு பேரைக் குலுக்கி, நிறுத்தி, விளக்கி, இதற்கெல்லாம் நாள் ஆகிறது.

சேன்-தெனி அக்கா

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் மனம் சொல்தா மகன் பக்கம்தான். ஐந்து நீதிபதிகளுக்கும் கோப்பு தெரியும், போன மாதமும் இதே மாதிரி வழக்கைப் பார்த்திருப்பார்கள். முதல்முறை கேட்கிறவருக்கு வரும் அதிர்ச்சி அவர்களுக்கு வராது. அந்த அதிர்ச்சி தேவைதான் என்று நான் நினைக்கிறேன்.

தங்கச்சிக்கு இன்னும் ஒரே ஒரு விஷயம். தண்டனையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பாதிக்கு மேல் வாக்கு போதும், ஆனால் உச்ச தண்டனைக்கு ஏழு வேண்டும். இரண்டு சுற்றிலும் யாருக்கும் பெரும்பான்மை வராவிட்டால், சொன்னதிலேயே கடுமையானதை ஒதுக்கிவிட்டு மறுபடி வாக்கு, அப்படியே இறங்கி வருவார்கள். தீர்ப்பு வரும்வரை வெளியே போக முடியாது. இரவு பதினொன்று ஆனாலும் ஆகும். பிள்ளைகளை அன்றைக்கு யாரிடமாவது விட்டுவிட்டு வா. தீர்ப்புப் பிடிக்காதவர்கள் பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அங்கே ஒன்பது ஜூரிகள் புதிதாக எல்லாவற்றையும் கேட்பார்கள். 2001-க்கு முன் அந்த வழியே இல்லை. உன் ஒரு சீட்டில் உலகம் முடிந்துவிடாது.

காரைக்கால் பொண்ணு (சேன்-அந்த்ரே)

*ஒன்பது மாதம் கழித்து*

அக்கா, அண்ணா, மாமா, எல்லோருக்கும் வணக்கம். இந்த இழையை மறுபடி தேடி எடுத்து எழுதுகிறேன். 35 பேரில் என் பெயர் விழுந்தது. போய்வந்துவிட்டேன்.

முதல் வழக்கில் பெயர் வரவில்லை. இரண்டாவதில் வந்தது, நடந்து போகும்போது கால் நடுங்கியது, யாரும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. மூன்று நாள் நடந்தது. தமிழ் பேசுகிறவர் யாரும் வரவில்லை, கிரியோல்தான். வக்கீல் பிரெஞ்சு பாதிக்கு மேல் புரிந்தது. புரியாத ஒரு வார்த்தையை இரண்டாம் நாள் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பிரெசிதான் அதை மருத்துவரிடம் கேட்டார், அவர் எளிமையாக விளக்கிச் சொன்னார். பக்கத்தில் இருந்த மீன்பிடிக்கிறவர் இடைவேளையில் சொன்னார், எனக்கும் அது புரியவில்லை, கேட்டதற்கு நன்றி என்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் கேட்பார், நான் சமைக்கப் போய்விடுவேன். மூன்று நாளும் அப்படித்தான்.

கடைசியில் பாதிக்கப்பட்டவர்களின் வக்கீல், அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வக்கீல் என்று வரிசையாகப் பேசினார்கள். எல்லாம் முடிந்த பிறகு குற்றம் சாட்டப்பட்டவரிடம் பிரெசிதான் கேட்டார், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்க வேண்டுமாம். அவர் எழுந்து நின்றார், தன் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இது எல்லார் முன்னாலும் நடந்தது, அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு நாங்கள் ஒன்பது பேரும் உள்ளே போனோம்.

சேன்-தெனி அக்கா

எழுதலாம் தங்கச்சி, அதுவரை எழுதலாம். நீ பேனாவைத் திறந்தது எனக்குச் சந்தோஷம். ரசீதையெல்லாம் அனுப்பிவிட்டாயா?